எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஆல்டர் எண்ட்,
4 ஜூலை 1994

அன்புள்ள தம்பி ரெஜிக்கு,

நேற்று நினைவுக்கல் திறப்புக்கு மணிக்கூண்டு அடியில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். எனக்கு ஞாபகம் போய்விட்டது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. கழுத்துச் சங்கிலியோடு மேயர். பாதிரியார் கில்லெஸ்பி. வட்டார வரலாற்றுச் சங்கத் தலைவர் பெட்டிஃபர். குண்டில் செத்த தங்கள் அம்மாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்டாக் வீட்டுப் பெண்கள் இருவர். கொம்பு ஊத வந்த தபால்காரர் நோக்ஸ். நல்ல வெயிலில் குடையோடு என் பக்கத்து வீட்டு எட்னா. குதிரைகள் தண்ணீர் குடித்த பழைய தொட்டி ஓரத்தில், புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நான்.

தொட்டியில் இப்போது பூச்செடி வைத்திருக்கிறார்கள். கடிகாரம் இன்னும் பின்தங்கித்தான் ஓடுகிறது.

சலவைக்கூடத்தில் ஜெர்மன்காரனின் பறக்கும் குண்டு விழுந்து ஐம்பது வருடம் ஆகிறது. செத்தவர்களுக்கு இதுவரை ஒரு நினைவுக்கல் கிடையாது. பனிக்காலம் முடிந்தபோது பெட்டிஃபர் என் சமையலறைக்கு வந்து, கேக்கைத் தின்றுகொண்டே, கல் வைக்கப் போகிறோம், ஆலிவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். என் தங்கையைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் வந்தாரே என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

பாதிரியாரோடு ஊர் எல்லையைச் சுற்றிவருவோமே, அந்த மே மாத எல்லை ஊர்வலத்தையும் சொன்னேன். சலவைக்கூடத்தை நம் ஆல்டர் எண்டுக்கும் பென்ஹில்லுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டின் மேலேயே கட்டிவிட்டதால், ஊர்வலம் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போகுமே. இஸ்திரி மேசைகளுக்கு நடுவில் இருந்த எல்லைக்கல்லைப் பிள்ளைகள் பிரம்பால் அடிப்பார்கள். ஆலிவ் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நிற்பாள். "எனக்கு ரெண்டு பாதிரியாரு. நான் செத்தா யாரு பொதைக்கிறதுன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க பாரு" என்பாள். இதைக் கேட்டதும் பெட்டிஃபர் மெல்லுவதை நிறுத்தினார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

நேற்று மேயர் கல்லை மூடியிருந்த துணியை இழுத்தார். ஐந்து பெயர். ஆலிவ் இல்லை. எனக்குப் படிப்பு குறைவுதான். ஆனாலும் நம் குடும்பப் பெயரை, ஹார்க்கர் என்று எழுதினால் எப்படி இருக்கும் என்பது தெரியும். கிட்டே போய் விரலால் தடவியும் பார்த்தேன்.

"ஏன்யா, கல்லுல எடமா இல்ல?" என்று எட்னா குடையை நீட்டிக் கேட்டாள். பெட்டிஃபர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மிசஸ் பெல்லிங், இந்தக் கல்லு ஆல்டர் எண்டுக்குள்ள செத்தவங்களுக்கு மட்டுந்தான். உங்க தங்கச்சி கெடந்தது பென்ஹில் பக்கம். ஆஸ்திரேலியாவுக்குப் போன் போட்டு உங்க தம்பியக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணோம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மீன் வாங்க நின்ற வரிசையிலிருந்து ஓடிவந்து நான் அவளைப் பார்த்தது இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான், உன் மேல்சட்டையைப் போர்த்திக் கிடத்தியிருந்தது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சொன்னார். பின்கட்டில், துணி உலர்த்தும் அறையில் அவளைத் தோண்டி எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து இங்கே கிடத்தியது நீதானாம். இத்தனை வருடம் என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒரு ஆளிடம் சொல்லியிருக்கிறாய்.

இன்று காலை எட்னா என்னைப் பென்ஹில் நகராட்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். சலவைக்கூடத்தின் பின்கட்டு இருந்த இடத்தில் கம்பளக் கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். அந்த இடத்தில் யாரும் செத்ததாக எங்களுக்குத் தகவல் இல்லை என்று அலுவலகப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். எல்லைக்கல் மட்டும் வேலியோரமாக இருக்கிறது. அதை அடிக்க இப்போது பிள்ளைகளும் வருவதில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ரெண்டு பாதிரியாரும் அடித்துக்கொள்ளவில்லை, ரெஜி. ஒருவருக்கும் அவள் வேண்டாம்.

நீ பொய் சொல்லாத பிள்ளை என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். பதினாறு வயதில் அவளைச் சுமந்துகொண்டு அந்தச் சாலையைத் தாண்டினாயே. இந்தப் பக்கம்தான் கிடந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லி இன்னொரு தடவை சுமந்திருக்கக் கூடாதா? இந்தத் தடவை அவள் கனத்திருக்கவே மாட்டாள்.

உனக்கு மூச்சு வாங்குகிறது என்று உன் வீட்டிலிருந்து டாட்டி எழுதியிருந்தாள். அங்கே இப்போது குளிர்காலமாமே. மார்பில் குளிர் படவிடாதே, மருந்தை விட்டுவிடாதே. கடவுள் உனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும். எனக்கு முன்னால் போய்விடாதே. அவள் பெயரை வாய்விட்டுச் சொல்ல நாம் இரண்டு பேர்தான் மிச்சம்.

இப்படிக்கு,
அக்கா மேபல்

பெட்டிஃபரை மன்னித்துவிடுவேன், அவர் அவளைப் பார்த்ததில்லை. குண்டை அனுப்பியவனையும் என்றைக்காவது மன்னிப்பேன், அவனுக்கு எந்த எல்லையும் தெரியாது. மன்னிக்க மாட்டேன் என்று இருப்பது ஒரே ஒரு ஆளை: ரெஜினால்ட் ஹார்க்கர்.