நல்லதைச் சொல்லக் கூப்பிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டைதான் கட்டியிருக்கிறது, கவலைப்படாதே.

பெற்றோர் கூட்டத்துக்கு இந்த முறையும் யாரும் வரவில்லை. போட்ட நாற்காலிகளை நானே அடுக்கி வைத்தேன். அலுப்பாக இருந்தாலும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் அம்மா தையல்காரி.

"என்ன பண்ணிட்டா டீச்சர்? வரட்டும், முதுகுத் தோலை உரிச்சிடறேன்."

"ஒண்ணும் பண்ணலம்மா. இன்னிக்கு எழுந்து நின்னு பாடம் முழுக்கச் சத்தமா வாசிச்சா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர். அவங்க அப்பாவும் கேக்கட்டும்."

மறுபடி சொன்னேன். மறுநாள் காலையில் இருவரும் பள்ளி வாசலில் நின்றார்கள். "வீட்டுல நாங்க என்ன செய்யணும்?" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

"அவ வாசிக்கறப்போ பக்கத்துல உக்காருங்க, போதும்."

அம்மா, என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே வாங்கியது குத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டாயா என்று கேட்டதும் வைத்துவிடாதே. விசேஷம் இல்லாவிட்டாலும் ஏதாவது பேசிக்கொண்டிரு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மூத்தவள்