சுவர் தாண்டிய கருவாட்டு வாசம்

ஞாயிற்றுக்கிழமை. பகலெல்லாம் மழை.

தோட்டத்தில் எனக்கென்று தனி லைன் வீடு கிடைத்து, இன்றுதான் என் அடுப்பில் முதல் சமையல். அடுத்த வீடு அண்ணியுடையது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. வாசம் அங்கே போகட்டும் என்றே கருவாடு பொரித்தேன்.

அண்ணி தட்டோடு வந்துவிட்டாள். "செல்வி, ஒங்கண்ணனுக்கு ரெண்டு துண்டு குடு லா."

என் புருஷன் செத்தபின் நான்கு வருஷம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். அடுப்பைத் தொட விடமாட்டாள். எல்லாரும் தின்றபிறகே என்னைக் கூப்பிடுவாள். வீடெல்லாம் மீன் வாசம் அடிக்கும்; "ரசந்தான் இருக்கு" என்பாள்.

கருவாட்டுச் சட்டியை மூடாமலே சொன்னேன்: "ரசந்தான் இருக்கு, அண்ணி."

தட்டு நிறைய ஊற்றினேன். சிந்தாமல் மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணன் இருமுவது கேட்கிறது. பாவந்தான்.

நாளைக்கு நெத்திலி.