எடை மட்டும் பார்க்கும் ஊர்

வெள்ளிமலை,
செப்டம்பர் 1987

அன்புள்ள மாமாவுக்கு,

தங்கமணி எழுதுகிறேன். நான் சுகம். திருநாவலூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்கவேண்டும். மலைப் பாதையிலும் மறியலுக்காக மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் பஸ்ஸும் இல்லை, தபால் பையும் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் உட்காரப் போகிறேன் என்று நீங்கள் எழுதியதுதான் கடைசியாக வந்தது. டீக்கடை ரேடியோவில் எங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள். ஊர்ப் பெயர் சொல்லும்போது ஒரே இரைச்சல்.

என்னோடு தங்கியிருந்த ராணியம்மாள் முன்பே ஊருக்குப் போய்விட்டார். என் ஒருத்திக்காக உலை வைக்க மனம் வருவதில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாமை மாவில் வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துக் கஞ்சி கொடுத்தால் மலைக் குழந்தைகள் தேறுகிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் பல்கலைக்கழக ஊட்டச்சத்து மையத்தின் நோக்கம். தேறினால் மலை முழுக்கக் கொடுக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்பார்கள். அதற்காக ஒரு ஊருக்குக் கஞ்சி. பக்கத்து ஊருக்கு எடை பார்ப்பது மட்டும், ஒப்பிட வேண்டுமே. திட்டத்தைத் தாளில் படித்தபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நீங்கள் இடஒதுக்கீடு கேட்பது நியாயம்தான் மாமா. ஆனால் மரங்கள் விழுந்த பிறகு ரேஷனும் மேலே ஏறவில்லை. எடை மட்டும் பார்க்கும் ஊரிலிருந்து காசியம்மாள் தன் மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். சத்தில்லாமல் பிள்ளைக்குக் கால் வீங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஜீப் இல்லை. அந்த ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். “தராசுல ஏத்துறீங்க, எறக்குறீங்க. எறக்குன புள்ளைக்கு ஒரு வாய் இல்லீங்களா?” என்று கேட்டாள். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பிள்ளையை என் மடியிலேயே வைத்துக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மறுநாள் அந்த ஊரே வந்தது. இருந்த மாவை இரண்டு ஊருக்கும் பிரித்துக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்தபின், பெண்கள் தங்கள் வீட்டுச் சாமையைக் கொண்டுவந்து இங்கேயே இடித்துக் காய்ச்சுகிறார்கள். ஆராய்ச்சி கெட்டது. நடந்ததை அப்படியே பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். வேலை போகலாம். போகட்டும் என்று இன்னும் மனசாரச் சொல்ல முடியவில்லை.

பிள்ளைக்கு வீக்கம் வடிகிறது. நேற்றுப் புகட்டும்போது என் விரலைக் கடித்துவிட்டான். வலித்தது. அதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. நான் பேசுவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

நாளை ஒருவர் காட்டுவழியாகக் கீழே இறங்குகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரோட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் விவரமாக எழுத வேண்டாம். ஒரு கார்டில் உங்கள் பெயரை மட்டும் எழுதிப் போடுங்கள். வேறு யாரையும் எழுதச் சொல்லாமல், உங்கள் கையாலேயே எழுதுங்கள் மாமா.

வழி பார்த்திருக்கும்,
தங்கமணி