நான்காவது நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் மூவரும் நலம் என்று தங்கை சொன்னாள். போன முறை நாம் போனில் பேசும்போது உன் வீட்டு வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய்க் கடைசியில் இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம் அல்லவா? அன்றே அவள் எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. என்ன சொல்லணுமோ எழுதி அனுப்புங்க. எழுதுறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க." ஐம்பது வயதுக்கு மேல் தங்கையிடம் திட்டு வாங்குவது என் தலையெழுத்து. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. கணினி அறிவியலில் உலகின் முன்னணி ஆய்வாளர்கள் என்று வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறார்களே, அதில் இந்த வருடம் என் பெயர் வந்திருக்கிறது. முந்நூற்றுப் பதினெட்டாவது இடம். சிரிக்காதே, உலகம் முழுவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழக வாசலில் என் படத்தைப் போட்டு பேனர் கட்டிவிட்டார்கள். காற்றில் கிழியாமல் இருக்க அங்கங்கே ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று சரியாக என் மூக்கில் விழுந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது முன்னோட்டப் பட்டியல்தான். இறுதிப் பட்டியல் மே மாதம் வருகிறது. இந்த வருடம் ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அதிகம் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை எதுவோ, அதைச் சேர்ந்து எழுதிய மற்றவருக்கு மெயில் அனுப்பி, மூல யோசனை யாருடையது என்று கேட்கிறார்கள். யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் முழு மதிப்பெண். எனக்கு அது எந்தக் கட்டுரை என்று உனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டால் நான் பட்டியலிலேயே இல்லை. இங்கே புதிதாக ஓர் ஆய்வு மையம் திறக்கிறார்கள். இறுதிப் பட்டியலில் இருப்பவருக்குத்தான் இயக்குநர் நாற்காலி என்று துணைவேந்தர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

உனக்கும் மெயில் வந்திருக்கும். ஏப்ரல் முப்பதுக்குள் என் பெயரைக் குறித்து அனுப்பிவிடு. ஒரு நிமிட வேலை.

குட்டிக்கு என் அன்பு.

உன் மச்சான்,
வக்கீல் (எதற்கும் வாதாடுகிறேன் என்று நீ வைத்த பட்டப்பெயர்தான்)

*

மார்ச் 13

அன்புள்ள வக்கீலுக்கு,

முந்நூற்றுப் பதினெட்டுக்கு வாழ்த்துகள். கேலிக்காகச் சொல்லவில்லை, கடிதம் வந்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். வாசல் பேனரைப் படம் எடுத்து அனுப்பு. மூக்கு ஓட்டையைப் பார்க்காவிட்டால் உன் தங்கைக்குத் தூக்கம் வராதாம்.

மெயில் வந்தது. அந்தக் கட்டுரையில் உன் பெயர் ஏன் முதலில் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நம் இருவரில் யார் பெயரை முன்னால் போடுவது என்று நம் கைடு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், "என் உசிரை வாங்காதீங்கடா, கீழ டேபிள் டென்னிஸ் ஆடி முடிவு பண்ணுங்க" என்று துரத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த லேபில் எல்லாப் பெயர் வரிசையும் அப்படித்தான் முடிவானது. நீ இருபத்தொன்று, நான் பத்தொன்பது. உன் கடைசிப் பந்து மேஜையின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. உரசவே இல்லை என்று நான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்காக இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்தான்.

ஆனால் மெயில் கேட்பது யார் பெயர் முதலில் என்று இல்லை, யோசனை யாருடையது என்று. அதில்தான் எனக்குக் கை நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள், "அப்பா, மாமா பேசுறாரு பாருங்க" என்று உன் பேட்டியைக் காட்டினாள். நீ நன்றாகத்தான் பேசினாய். "ஒருநாள் முடி வெட்டிக்கப் போனேன். சலூன்ல மூணு நாற்காலி. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு வரிசை. ஒரு முடிதிருத்துநர் மட்டும் சும்மா நின்னாரு. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? நீளமான வரிசைக்குப் போய், அதுல கடைசியா நிக்கறவரைக் கூப்பிட்டாரு. முதல்ல நிக்கறவரு வரமாட்டாரு, அவருக்குத்தான் முறை வந்துடுச்சே. கடைசி ஆள் சந்தோஷமா எழுந்து வருவாரு. கம்ப்யூட்டர்களுக்கும் இப்படி வேலையைப் பிரிச்சுக் கொடுத்தா என்னன்னு அங்க உக்காந்தே யோசிச்சேன்." அரங்கமே கைதட்டியது.

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு உன் தங்கை வந்து நின்றாள். "அண்ணன் எந்தக் காலத்துல சலூனுக்குப் போச்சு? கல்யாணம் ஆகுற வரைக்கும் நான்தானே வெட்டிவிட்டேன். ஒருதடவை காதைக்கூடக் கீறிட்டேனே!" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மச்சான், நீ பட்டியலில் இரு, இயக்குநர் ஆகு. எனக்கு அதில் ஒரு பங்கும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். "சலூன் யோசனை உன்னுடையது" என்று ஒரு வரி எனக்கு எழுது. ஊருக்கு வேண்டாம், பத்திரிகைக்கு வேண்டாம். எனக்கு மட்டும்.

பின்குறிப்பு: அந்த மெயிலை நீ கடைசி வரை படித்தாயா?

உன்,
சுருட்டை

*

மார்ச் 24

அன்புள்ள சுருட்டைக்கு,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். பத்தொன்பதை நீ இன்னும் மறக்கவில்லை பார்! பந்து உரசியது. கைடே பார்த்தார்.

மெயில் எனக்கு எங்கே வந்தது, உனக்குத்தானே வந்தது? அதன் நகல் என்று ஒன்றை அனுப்பியிருந்தார்கள். முதல் பத்தியைப் பார்த்தேன். மீதியை யார் படிப்பது? இங்கே பேனர் கட்டிய நாளிலிருந்து வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு டீ கொடுத்தே என் பொழுது போய்விடுகிறது.

பேட்டி விஷயத்தை நீ பெரிதுபடுத்தாதே. மேடையில் நின்று, "என் நண்பர் ஒருவர், அவர் இப்போது என் தங்கையின் கணவர், அவர் ஒருநாள்" என்று இழுத்தால் யார் கேட்பார்கள்? கதை என்றால் 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உன் யோசனை, என் யோசனை என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு நாம் அந்நியர்களா? ஒரே அறையில் ஒரே பாய் விரித்துப் படுத்தவர்கள். அந்தக் கட்டுரை நம் இருவருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி.

குட்டி அடுத்த வருடம் படிப்பை முடிக்கிறாள் அல்லவா? மையம் திறந்ததும் அவளுக்கு இங்கே ஒரு பயிற்சி இடம் என் பொறுப்பு. என் வீட்டிலேயே தங்கலாம், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. நீயும் தங்கையும் திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும். முன்வரிசை.

முப்பதாம் தேதியை மட்டும் மறந்துவிடாதே.

உன் மச்சான்

*

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

குட்டிக்குப் பயிற்சி இடம் வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை இந்தக் கடிதத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். காலையில் முதல் வருடப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். அறுபது பேர், அதில் நான்கு பேர் கேட்கிறார்கள். என் லேபை இரண்டு வருடத்துக்கு முன் எடுத்துக்கொண்டு பழைய பிரிண்டர்களை அடுக்கிவிட்டார்கள். 'இங்கே ஆய்வு செய்யும் அளவுக்கு யாரும் பட்டியலில் இல்லை' என்று காரணம் சொன்னார்கள். உன் பேனரில் இருக்கிற அதே பட்டியல்தான். அன்று என் மேஜையையும் பலகையையும் வராந்தா வழியாக நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கட்டுரையில் நிரூபணம் முழுக்க உன்னுடையது. நான் மூன்று மாதம் முட்டி மோதி நகராததை, நீ சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து இரண்டே வாரத்தில் முடித்தாய். ஒவ்வொரு வருடமும் அதை வகுப்பில் நடத்தும்போது, "இது என் மச்சானோடது. எனக்கு வரவே இல்லை" என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சொல்வதில் எனக்கு எதுவும் குறைந்துபோகவில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் அந்தப் பேட்டி எனக்கு வலித்தது. யோசனை போனதற்காக இல்லை. அதை எனக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே, நான் உட்கார்ந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொண்டு சொன்னாய். அன்று சலூனிலிருந்து ஓடிவந்து, கழுத்தில் முடி ஒட்டிக்கொண்டு கிடக்க, நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். நீ அப்போது என்ன சொன்னாய் தெரியுமா? "முதல்ல போய்க் குளிடா."

ஒரு வரி, மச்சான். அவ்வளவுதான். அது வந்துவிட்டால் முப்பதாம் தேதியைப் பற்றி நீ நினைக்கவே வேண்டாம்.

சுருட்டை

*

ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது, ஆற விட்டு எழுதுகிறேன்.

உன் லேபை எடுத்தது எனக்குத் தெரியாது. தங்கையும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது. ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும், நானா பட்டியல் போட்டேன்?

நீ கேட்கிற வரியைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறேன். மேடையிலும் பேட்டியிலும் ஒரு மாதிரி சொல்லிவிட்டேன். இப்போது அதற்கு நேர்மாறாக, என் கையெழுத்தில் ஒரு காகிதம் உன் வீட்டு மேஜையில் கிடந்தால், நாளைக்கு அது யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்? உன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதே. என் இடத்தில் இருந்தால் நீயும் இப்படித்தான் யோசிப்பாய். எழுத்தில் மட்டும் கேட்காதே. நேரில் வா, மொட்டை மாடியில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து தினமும் கேட்கிறார்கள். ஒரு வரிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? என் வாழ்க்கையில் இது ஒருமுறைதான் வரும். தங்கைக்காகவாவது குறித்து அனுப்பிவிடு.

மச்சான்

*

மே 8

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறுதிப் பட்டியல் நேற்று வந்தது. உங்கள் பெயர் முந்நூற்றுப் பன்னிரண்டாவது இடத்தில் இருக்கிறது. ஆறு இடம் ஏறியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

நான் அந்த மெயிலுக்குப் பதில் அனுப்பவில்லை. உங்கள் பெயரையும் குறிக்கவில்லை, என் பெயரையும் குறிக்கவில்லை. அதன் கடைசிப் பத்தியில், 'குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் கட்டுரையில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவருக்கே முழு மதிப்பெண்' என்று எழுதியிருந்தார்கள். உங்களிடம் இருந்த நகலிலும் அது இருக்கும். நீங்கள் எதையும் முதல் பக்கத்தோடு மூடிவைப்பவர் என்பதால்தான், கடைசி வரை படித்தீர்களா என்று முதலிலேயே கேட்டேன்.

ஆகையால் ஆரம்பத்திலிருந்தே உங்களுக்கு என்னால் ஓர் ஆபத்தும் இருக்கவில்லை. உண்மைக்கு மாறாக நான் எதையும் எழுத முடியாது. உங்களுக்கு எதிராக எழுதவும் எனக்கு மனம் வராது. சும்மா இருந்தாலே உங்கள் நாற்காலி உங்களுக்குத்தான் என்று மார்ச் மாதமே எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் அந்த வரியைக் கேட்டேன். விலை எதுவும் இல்லாத இடத்தில் எனக்காக அதைத் தருவீர்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன். கேட்டது என் தப்பு என்று உங்கள் தங்கை சொல்கிறாள். "அண்ணனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?" என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். இருக்கலாம்.

உங்கள் நான்காவது கடிதத்தை எதிர்பார்த்துத் தினமும் தபால் பெட்டியைத் திறந்தேன். முப்பதாம் தேதி மாலை வரைக்கும் திறந்தேன்.

போன் தடையை உங்கள் தங்கை நீக்கிவிட்டாள். இனி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், அவள் எடுப்பாள். குட்டியும் பேசுவாள், அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு அவர்கள் இருவரும் வருவார்கள். எனக்கு அன்று தேர்வு மேற்பார்வை இருக்கிறது.

விழாவில் சலூன் கதையைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். சொல்லுங்கள். சொல்வதென்றால் சரியாகச் சொல்லிவிடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அங்கே மூன்று நாற்காலி இல்லை, நான்கு. நான்காவது நாற்காலிக்காரர் இடதுகைக்காரர். கத்தரி தப்பான பக்கத்திலிருந்து வருகிறது என்று பயந்து யாரும் அவரிடம் உட்கார மாட்டார்கள், அதனால்தான் அவர் சும்மா நின்றார். அன்று அவர் பக்கத்து வரிசைக்குப் போய், கடைசியில் நின்றவனைத் தோளில் தட்டி, "வா தம்பி, எவ்வளவு நேரம் நிப்ப?" என்று கூப்பிட்டார்.

கடைசியில் நின்றது நான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்