கேள்விப் பெட்டியில் ஒரு கோடிட்ட தாள்

அனுப்புநர்
முனீப் ஹுஸ்னியா,
சுகாதார ஆய்வாளர்,
பாலையூற்று, திருகோணமலை.

பெறுநர்
கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கல்வி அலுவலகம், திருகோணமலை.

விடயம்: பாடசாலையில் வைத்த கேள்விப் பெட்டியை உடைத்து, கேள்வி எழுதிய மாணவியை வீட்டுக்கு அனுப்பியமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. எச்.ஐ.வி. தடுப்பு, வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலம் ஆகியவை பற்றி இம்மாவட்டத்தின் கரையோரப் பாடசாலைகளில் மூன்று வருடங்களாக ஆய்வு செய்து வருகிறேன். தங்கள் அலுவலகம் தந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன். பாடசாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. பல கைகளைத் தாண்டித்தான் இம்மனு தங்கள் மேசைக்கு வரும். அந்தப் பெயர், ஒட்டி மூடிய உறையில் தனியாக இருக்கிறது. தாங்கள் மட்டும் திறக்கவும்.

2. இந்த விடயங்களைப் பிள்ளைகள் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். அதனால் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே அளவு வெள்ளைத் தாள், ஒரே நிறப் பேனை. பெயர் எழுதத் தேவையில்லை. கேள்வி இல்லாதவரும் எதையாவது எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் கேட்டவர் யாரென்று தெரியாது. ஒருமுறை ஒரு பிள்ளை நண்டுக் குழம்பு வைக்கும் முறையை எழுதிப் போட்டிருந்தாள். அடுத்த கிழமை வகுப்பின் முன்னால் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வேன்.

3. கடந்த மாதம் ஒருநாள் தரம் 11இன் ஒரு வகுப்புக்கு முப்பது தாள்கள் கொண்டுபோனேன். ஆசிரியை வராததால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து அமர்ந்தார்கள். தாள் போதவில்லை. மற்றவர்களைத் தத்தம் கொப்பியிலிருந்து கிழித்து எழுதச் சொன்னேன். சொன்னவள் நான்தான். வேறு யாரும் கண்டுபிடிக்கும் முன் இந்தப் பிழையை நானே எழுதிவிடுகிறேன்.

4. பிந்தி எழுத விரும்பும் பிள்ளைகளுக்காகப் பெட்டியைப் பாடசாலையிலேயே விட்டுவந்தேன். பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. இரண்டாம் நாள் பாடசாலையினர் பூட்டை உடைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தாள்களை ஒதுக்கி, கொப்பியில் கிழித்த கோடிட்டவற்றை மட்டும் எடுத்து, பிள்ளைகளின் கொப்பிகளைச் சேர்த்து, கிழிந்த ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பொறுமையைச் சுகாதாரப் பாடத்தில் ஒருநாள் காட்டியிருந்தால் எனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

5. அவற்றுள் ஒரு தாளில் இப்படி இருந்தது: "அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கு. அவ குடிச்ச கோப்பையில நான் குடிச்சா எனக்கும் வருமா? அவவுக்கு வேற கோப்பை வச்சிருக்கிறன். அம்மா ஒண்டும் சொல்லேல்ல. நான் செய்யிறது சரியா?" எழுதியவளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வந்தால் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றோடு பத்தொன்பது நாள். அவள் எழுதவேண்டிய சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது.

6. அதிபரைச் சந்தித்தேன். கதிரை தந்து மரியாதையாகத்தான் கதைத்தார். "தாய் தகப்பன்மார் வந்து கேக்கினம் மிஸ், நான் மற்றப் பிள்ளையளையும் பாக்க வேணும்தானே" என்றார். எந்தச் சுற்றறிக்கையின்படி அறிக்கை கேட்கிறீர்கள் என்றேன். மறுபடியும் தாய் தகப்பன்மாரைப் பற்றியே சொன்னார். பரிசோதனை செய்வதா என்பதை அந்தப் பிள்ளையும் தாயும் வைத்தியரும் தீர்மானிக்க வேண்டும். அது பாடசாலை வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு அல்ல. ஒன்றாக இருப்பதால், ஒன்றாக உண்பதால் இந்நோய் பரவாது என்று நான் ஒட்டிய சுவரொட்டி இன்னும் அவருடைய அறைக் கதவுக்கு வெளியே இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது; அதைவிட வெட்கமாக இருந்தது.

7. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். தாய் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "என்ர வருத்தம் என்னோட கிடக்கட்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கச் சொல்லுங்கோ மிஸ்" என்றார். பிள்ளை அறையைவிட்டு வெளியே வரவில்லை. குசினியில் இரண்டு கோப்பைகள், ஒன்று இந்த மூலையிலும் மற்றது அந்த மூலையிலுமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

8. தங்களிடம் நான் கேட்பவை: எந்த அறிக்கையும் கேளாமல் அம்மாணவியை உடனே வகுப்பில் சேர்க்க வேண்டும். எடுத்த தாள்கள் அனைத்தையும் பெற்றுத் தங்கள் முன்னிலையில் அழிக்க வேண்டும். என் பிழைக்காக என் அனுமதியை இரத்துச் செய்வதானால் செய்யுங்கள், மறுக்க மாட்டேன்.

9. அவளுடைய கேள்விக்குப் பதில் மிகச் சிறியது. வராது, ஒரே கோப்பையில் குடிக்கலாம். வீட்டுக்குப் போன அன்று மூடிய கதவுக்கு வெளியே நின்று அதைச் சொன்னேன். அறிக்கை கொண்டுவா என்று பாடசாலை சொல்லும்வரை, நீ தாய்க்குத் தனிக் கோப்பை வைத்தது சரிதான் என்றே அது அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவளைத் தாங்கள் வகுப்பில் பழைய வாங்கில், பழைய சிநேகிதிகளுக்குப் பக்கத்தில் இருத்தும் நாளில்தான் என் பதிலை அவள் நம்புவாள். அதுவரை அந்த வீட்டில் இரண்டு கோப்பைகளும் இரண்டு மூலையில்தான் இருக்கும், ஐயா.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
முனீப் ஹுஸ்னியா
(ஒப்பம்)

இடம்: திருகோணமலை
திகதி: 18.03.2024