சாம்பிராணி போடாத வருடம்

என் கறுப்புக் கோட்டில் இன்னும் சாம்பிராணி மணக்கிறது. காலையில் ரயிலில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அலுவலகத்துக்கு வந்து கதிரையில் கொழுவிவிட்டு வேலையைத் தொடங்கினால், அந்த மணம் எழுந்து வந்து கணினிக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறது. வியாழக்கிழமை கவுன்சில் குழுவின் முன் வைக்கவேண்டிய அறிக்கை அரைகுறையாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீர் இருந்தால் நல்ல ஏச்சுக் கிடைத்திருக்கும்.

உம்முடைய மேசையில் இப்போது அச்சு இயந்திரம் இருக்கிறது. இந்த மாடியில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர்தான். சுற்றாடல் பிரிவில் நான் கொள்கை எழுதுகிறவன். எழுதிய கொள்கை வேலை செய்ததா என்று பார்த்துச் சொல்கிறவர் நீர். "நீர் சமையும், நான் உப்புப் பாக்கிறன்" என்பீர். உப்புப் பார்க்கிற ஆளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூட்டங்களில் நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் ஹெலனின் முகம் மாறிவிடும். பாவம், எங்கள் மேலதிகாரி. கெட்டவர் அல்ல, ஐந்து மணிக்குள் ஒரு விடயம் முடிந்துவிடவேண்டும் என்று நினைக்கிறவர்.

எங்கள் தெருவை மறித்தபோது நீரும்தான் கை தட்டினீர். இரண்டு பெரிய வீதிகளுக்கு நடுவில் குறுக்குவழியாக இருந்த தெரு அது. காலையிலும் மாலையிலும் லொறிகள் வரிசையில் நின்று இரைந்துகொண்டிருக்கும். நான் எழுதிய திட்டத்தின்படி தெருவின் ஒரு முனையில் இரும்புக் கட்டைகள் நட்டார்கள், மரங்கள் வைத்தார்கள். விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த சின்னப் பிளாஸ்ரிக் குழாய்களை மாதாமாதம் கழற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். காற்றில் இருக்கும் வாகனப் புகையை அந்தக் குழாய் பிடித்து வைத்திருக்கும். எங்கள் தெருவின் புகை மளமளவென்று குறைந்தது. என் மகள் ஆரணி வீட்டுக்கு முன்னாலேயே சைக்கிள் ஓடப் பழகினாள். அவள் விழுந்தெழும்பியதைப் பார்க்க நீரும் உம்முடைய மனைவி மாலாவும் வந்திருந்தீர்கள், கையில் ஒரு பெட்டி வடையோடு.

அன்று திரும்பிப் போகும்போதுதான் நீர் சொன்னீர். "எல்லாம் சரி ஐசே. இஞ்ச ஓடின லொறியெல்லாம் எங்கை போச்சுது எண்டு யோசிச்சனீரோ?"

எங்கே போனது என்று உமக்குத் தெரியும். அடுத்த ரோட்டுக்கு. உங்கள் ரோட்டுக்கு. உங்கள் முன்னறை யன்னலைத் திறக்கமுடியாமல் போனது அந்தக் கோடையில்தான். மாலா யன்னல் விளிம்பைத் துடைத்த துணியை எனக்குக் காட்டினார், அடுப்புக்கரி துடைத்ததுபோல இருந்தது.

மதிப்பீட்டுத் திட்டத்தில் எங்கள் தெரு மட்டும்தான் இருந்தது. அடுத்த ரோட்டில் ஒரு குழாய்கூட இல்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்று நீர் கூட்டத்தில் கேட்டீர். "வருத்தக்காரனை மற்றக் கட்டிலுக்கு மாத்திப்போட்டு, பழைய கட்டிலைக் காட்டிச் சுகம் எண்டு எழுதச் சொல்லுறியளோ?" என்று பிறகு என்னிடம் கத்தினீர். கூட்டத்தில் அதையே நாகரிகமான ஆங்கிலத்தில் சொன்னீர். ஹெலன் உம்முடைய முகவரியைக் கேட்டார். அந்த ரோட்டில் குடியிருக்கிறவர் அந்த ரோட்டைப் பற்றி மதிப்பீடு செய்வது முறையல்ல, அதில் சொந்த நலன் இருக்கிறது என்றார். மதிப்பீட்டை உம்மிடமிருந்து எடுத்து என்னிடம் தந்தார்.

நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நட்டப்பட்டவனுக்கு மட்டும்தான் சொந்த நலன் இருக்கும் போலிருக்கிறது. லாபப்பட்டவன் நடுநிலையாளன். அந்த நடுநிலையாளன் நான்.

குடியிருப்பாளர் என்ற முறையில் வேண்டுமானால் வீட்டுச் சுவரில் ஒரு குழாய் தொங்கவிடலாம் என்று ஹெலன் உமக்கு அனுமதி தந்தார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்டார். உங்கள் வீடுகளில் ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் எரிப்பீர்கள்தானே, அந்தப் புகையாக இருந்தால்? அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உமக்குக் குத்தியது.

போன கார்த்திகையில் உங்கள் குசினியில் நடந்தது அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. நான் ரீ குடித்துக்கொண்டிருந்தேன். நீர் மாலாவிடம் விடயத்தைச் சொன்னீர்.

"வெள்ளிக்கிழமையிலை சாம்பிராணி போடாத வீடும் ஒரு வீடோ?" என்றார் மாலா.

"ஒரு வருசம்தான் மாலா. குளிர் காலம், வெயில் காலம் எல்லாம் பாத்தால்தான் கணக்கிலை எடுப்பினம். பிறகு வீடு முழுக்கப் புகையடியும், நான் வாய் திறக்கமாட்டன்."

"சாம்பிராணிப் புகை போயோ அந்தக் குழாய் நிரம்பப் போகுது?"

"இல்லை. அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை வாசலிலேயே நிப்பாட்ட வேணும்."

மாலா கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி. ஆனால் வருசம் முடிஞ்சுது எண்டு கவுன்சில் ஆள் வந்து சொன்னால்தான் திரும்பப் போடுவன். அண்ணை, உங்களைத்தான் சொல்லுறன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அது எப்படிப்பட்ட வருடமாக இருக்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? மாசி, பங்குனியில் வன்னியிலிருந்து மாலாவின் தம்பியின் அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றுபோயின. நாம் வேலை முடிய நேரே போய், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். மழைக்குள் நின்ற சனத்தில் பாதிப்பேருக்கு உம்மைப்போலக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்திருந்தது. காலையில் அதே தொண்டையோடு வந்து, நடைபாதை மரங்களின் பராமரிப்புக் கொள்கையைப் பற்றிக் கூட்டத்தில் பேசினீர். நான் உம்மைப் பார்க்காமல் குனிந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலா உம்மிடம் கேட்டாராம், இன்றைக்கு மட்டும் போடட்டா என்று. "போடும், நான் குழாயைக் கழட்டுறன்" என்று கதிரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனீராம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். மறுநாள் தொலைபேசியில் இதை நீரே சொன்னீர். "நானெல்லாம் ஒரு மனிசனோ?" என்று கேட்டீர். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஆடியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்துபோகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாக இருந்தீராம். அதோடு முடிந்துவிட்டது. வைத்தியர் பரம்பரை என்றார், கொழுப்பு என்றார். ரோட்டுக் காற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். சொன்னால் நீரே முதலில் எழும்பிவருவீர், "ஒரு ஆளை வைச்சு ஒண்டையும் நிறுவ ஏலாது" என்று. சரி, நிறுவவில்லை. ஆனால் எனக்குச் சந்தேகப்பட உரிமை இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டியை மாலா வீட்டில் வைக்கவில்லை, மண்டபம் எடுத்துச் செய்தார். மோர்டனில் இருந்து வந்த உம்முடைய அக்கா, "சொந்த வீடு இருக்க ஏன் வாடகை மண்டபம்?" என்று என் காதுபடவே சொன்னார். வீட்டில் இடம் போதாது என்றுதான் நான் நினைத்தேன். உங்கள் சுவரில் இருந்த குழாயின் முடிவுகள் மாதாமாதம் என் கணினிக்கு வந்துகொண்டிருந்தன. யாரோ மாற்றி அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை அறிக்கை எழுத இருந்தபோதுதான் திகதியைக் கவனித்தேன். குழாய் தொங்கவிட்டு ஒரு வருடம் முடிந்துவிட்டது. வேலை முடிய உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு லொறி இரைந்துகொண்டு நின்றது. மாலா கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். கதிரையில் ஏறிக் குழாயைக் கழற்றினார். மூடியைப் போட்டு இறுக்கினார், கை பழகியிருந்தது. ஆய்வுகூடத்துப் பொதி இன்னும் உம்முடைய பெயருக்குத்தான் வீட்டுக்கு வருகிறதாம். அவரே மாற்றி, அவரே தபாலில் போட்டிருக்கிறார்.

முன்னறையில் உம்முடைய படம், மாலை போட்டு. அதற்கு முன்னால் தூபக்கால் வெறுமையாக, மினுக்கித் துடைத்தபடி இருந்தது. மாலாவின் தம்பியின் படம் அங்கே இல்லை. அது இன்னும் ரீவிக்கு மேலேதான் இருக்கிறது. இன்றுவரை அவரைப் பற்றித் தகவல் இல்லை.

குழாயை என் கையில் தந்துவிட்டு மாலா கேட்டார். "அண்ணை, இனிப் போடலாமோ?"

அந்தக் குசினிப் பகிடியை நான் மறந்தேபோயிருந்தேன். உம்முடைய எட்டாம் நாளுக்கும் அந்திரட்டிக்கும்கூட அந்த வீட்டில் சாம்பிராணி போடாமல் அந்த மனிசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் தணலை ஊதிச் சாம்பிராணியைத் தூவினார். புகை உம்முடைய படத்தை மறைத்து, கூரைக்கு ஏறி, என் கோட்டிலும் இறங்கியது. நான் உங்கள் சோபாவில் இருந்து அழுதேன், வெட்கப்படாமல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உங்கள் ரோட்டின் முடிவுகளையும் அறிக்கையில் சேர்த்தால் குழு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. லொறிகளைப் பெரிய வீதியிலேயே நிறுத்தலாம். எங்கள் தெருவின் கட்டைகளைப் பிடுங்கவும் செய்யலாம். "பிடுங்கினால் இந்தத் தெருச் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? ஆரணி எங்கை சைக்கிள் ஓடுறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

என்றாலும் அறிக்கையின் முதல் வரியைக் காலையிலேயே எழுதிவிட்டேன். இதை எழுதுகிறவர் மூடப்பட்ட தெருவில் குடியிருக்கிறார், அதனால் நன்மை அடைந்தவர் என்று. இரண்டாவது வரியில் உங்கள் ரோட்டின் பெயர் இருக்கிறது. உப்புச் சரியோ என்று பார்க்க நீர் இல்லை.

மாலா தந்த கடைசிக் குழாய் கோட்டுப் பையில் இருக்கிறது. மத்தியானம் தபாலில் போடவேண்டும், அதன் முடிவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோட்டை வியாழக்கிழமை வரை கழுவக் கொடுக்கமாட்டேன். அதையே போட்டுக்கொண்டுதான் குழுவுக்குப் போகப்போகிறேன். ஹெலன் மூக்கைச் சுளித்து இது என்ன மணம் என்று கேட்டால், சொல்லுவேன்: ஓம், சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை போட்டது, குழாயைக் கழற்றி மூடிய பிறகு.