நெப்டியூனின் இரண்டாவது சந்திரன்

உருத்திரபுரம்
12.7.1955

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சுகம். சிறுபோக நெல் கதிர் தள்ளிவிட்டது.

போன கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புதிய விஞ்ஞானப் புத்தகம் வந்தது. நெப்டியூனுக்குச் சந்திரன் இரண்டு என்று அதில் இருக்கிறது. இரண்டாவதன் பெயர் நெரெயிட். 1949இலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் வகுப்பில் எழுந்து நின்று நீ சொன்னதும் இதைத்தான். "ஒண்டுதான் எண்டு சொல்லு" என்று பிரம்பை எடுத்தேன். "ரெண்டு, ஐயா" என்றாய். ஒவ்வோர் அடிக்கும் அதையே சொன்னாய். அன்றோடு உன் படிப்பை நிறுத்தினேன். நீ கனகராயன்குளத்தில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்று அதே வகுப்பில் நெரெயிட்டின் பாதையை வரைந்தேன். நெப்டியூனுக்குக் கிட்ட வந்துவிட்டு, அந்தத் தூரத்தைப்போல ஏழு மடங்கு விலகிப் போகிறது. கரும்பலகை போதாமல் சோக்கைச் சுவருக்குக் கொண்டுபோய் வளைத்துத் திருப்பினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அவ்வளவு தூரம் போனது திரும்பி வருமோ, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"ஓம், வரும். கிட்டத்தட்ட ஒரு வருசம் எடுக்கும்."

பிறகு, இதை எனக்கு முதலில் சொன்னது என் மகள் என்றும், அதற்காக அவளை அடித்தேன் என்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இத்துடன் எஸ்.எஸ்.சி. சோதனை விண்ணப்பம் இருக்கிறது. தகப்பன் கையெழுத்து வைத்துவிட்டேன். சோதனை நிலையத்தை மட்டும் நிரப்பவில்லை. கிளிநொச்சி என்று எழுதினால் வீட்டிலிருந்தே போய்வரலாம். வவுனியா என்று எழுதி, மாமி வீட்டிலிருந்து போய்வந்தாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன் ஐயா